பின்சீட்டுக் கயிறு

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. பிரேக்காரர் என்றால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன்மேல் வைத்த காலை மனுஷன் எடுத்ததே இல்லை. பழகுகிறவர் பாவம், வண்டியைத் தான்தான் நிறுத்தினோம் என்று பூரித்துப் போவார். லைசென்ஸ் கைக்கு வந்து சொந்தக் காரை வெளியே எடுத்த அன்றே எதிர்வீட்டு கேட்டில் கொண்டுபோய் முட்டுவார். அப்படி முட்டு வாங்கிய கேட்டுகள் ஊரில் ஏழெட்டு உண்டு. சரிபண்ண வருகிறவர்களிடம் வெல்டிங் கடைக்காரர், "யாரு, பிரேக்காரர்கிட்ட படிச்சவங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். அது காதுக்கு வந்தபோது பிரேக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதில் ஸ்கூலை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில் பாய்மரப் படகு விடப் போகிறேன், அதுவும் நடக்க முடியாதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் விடப் போகிறேன் என்று கிளம்பினார். அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "தரையில பாடாப்படுத்தினது போதாதா? இனிமே தண்ணியில வேறயா?" என்றாள். ஆனால் காரணம் அவளுக்கும் தெரியும். காரணம் அக்கா.

அக்கா அவருக்கு மூன்று வயது மூத்தவள். ஐந்து வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. பத்து வயதிலிருந்து அவளை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் இவர்தான். முதுகில் அக்கா, அக்காவின் கழுத்தில் இரண்டு பேருடைய புத்தகப் பைகள். போகிற வழியை அவள்தான் சொல்வாள். சொல்வது என்ன, வலது காதைத் திருகினால் வலது பக்கம், இடது காதைத் திருகினால் இடது பக்கம். "என் தம்பிக்கு ஸ்டியரிங் ரெண்டு" என்று பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்புறம் ஊன்றுகோல் வந்தது, ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை வந்தது. இருபத்தொன்பது வருஷம் அந்த போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். டாக்டர்களுக்கே அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டின் முன்னறைதான் அவள் வீடு.

ஓய்வு பெற்ற வருஷம் ஒரு நாள் மாலை, தம்பி அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். படகு கிளப்காரர்களின் பாய்மரங்கள் இரண்டு மூன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன. அக்கா கண்ணை எடுக்காமல் அவற்றையே பார்த்தாள். அவள் பேசாமல் இருந்தால் தம்பிக்குக் கை கால் ஓடாது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. எங்க போறதா இருந்தாலும் என்னை யாராவது தூக்கணும், இல்ல தள்ளணும். காத்து தள்ளினா பரவாயில்ல, பாரு. அதுக்கு ஒவ்வொரு தடவையும் தேங்க்ஸ் சொல்ல வேண்டியதில்ல."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் பிரேக்காரர் கிளப் வாசலில் நின்றார். மூன்று மாதம் நாயாய் அலைந்து, அவர்கள் மூலையில் போட்டிருந்த பழைய படகுகள் இரண்டை வாங்கினார். அடியில் தானே ஈயம் கட்டினார், எவ்வளவு சாய்ந்தாலும் கவிழாது. மெக்கானிக் ஷெட்டில் இன்ஜின் தூக்குகிற சங்கிலிக் கப்பி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து படகுத்துறையில் நட்டு, தடித்த கித்தானில் தொட்டில் மாதிரி தைத்து மாட்டினார். நாற்காலியிலிருந்து ஆளை அதில் உட்கார வைத்துத் தூக்கி, நேராகப் படகுக்குள் இறக்கிவிடலாம். முதலில் தானே அதில் உட்கார்ந்து பார்த்தார். சங்கிலி பாதியில் சிக்கி, அரை மணி நேரம் அந்தரத்தில் தொங்கினார். அக்கா கரையில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

படகில் இரண்டு சீட், ஒன்றின் பின்னால் ஒன்று. முன்சீட்டில் ஓட்டுகிறவர் பெல்ட் போட்டு உட்காருவார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு குச்சி. அதை இடம் வலம் தள்ளினால் பின்னால் சுக்கான் திரும்பும். பாயை இழுக்க, தளர்த்த ஒரு கயிறு. பின்சீட்டில் துணைக்கு ஒருவர். அவர் கைக்கு எட்டுகிற மாதிரி சுக்கானிலிருந்து ஒரு மெல்லிய கயிறு, ஆபத்துக்கு மட்டும். பெல்ட் போட்டு உட்கார்ந்தவரால் திரும்பிப் பின்னால் பார்க்க முடியாது. அதனால் பிரேக்காரரே ஒரு சட்டம் போட்டார். சிவப்புப் பெயின்டில் பலகையில் எழுதித் துறையில் மாட்டினார்: 'முன்சீட்டில் இருப்பவரே படகோட்டி. பின்சீட்டில் இருப்பவர் வெறும் சுமை. கயிற்றைத் தொடும் முன் பிடிக்கிறேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும்.' 

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சட்டத்தை எல்லோரிடமும் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினார். பார்வையில்லாத மாவு மில்காரர் ஒரே நாளில் மூன்று தடவை துறையில் இடித்தார். இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுப்பு மிஷினில் இடது கையைப் பறிகொடுத்த தச்சர் முதல் நாள் சுற்றின இடத்திலேயே சுற்றினார். இவர் கொட்டாவி விட்டார். ஏரி நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவை உண்டு. பின்சீட்டில் ஆள் இல்லாமல் தனியாகப் போய் அதைச் சுற்றிக்கொண்டு வந்தால், படகுக் கொட்டகைச் சுவரில் பெயர் ஏறும். நான்கு வருஷத்தில் பதினோரு பெயர்கள் ஏறின. முதல் பெயர் தச்சருடையது, நான்காவது மாவு மில்காரருடையது. கரையிலிருந்து அவர் மகள் விசில் ஊதி ஊதி வழி சொல்ல, அவர் தனியாகவே சுற்றிவிட்டு வந்தார்.

அக்காவின் பெயர் மட்டும் ஏறவில்லை.

அக்கா ஏறிய இரண்டாவது சனிக்கிழமை அது நடந்தது. திடீரென்று ஒரு காற்று அடித்துப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கவிழாது என்று அவருக்குத் தெரியும். அடியில் ஈயம் கட்டியவரே அவர்தானே! ஆனாலும் முன்சீட்டில் அக்காவின் மெலிந்த தோள்பட்டையைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோனது. வாயைத் திறக்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். படகு நிமிர்ந்தது.

"பாத்தியாடா!" அக்கா கத்தினாள். "நிமித்திட்டேன் பாத்தியா! நானே நிமித்திட்டேன்!"

அந்த நேரத்தில், "இல்லக்கா, நான்தான் பிடிச்சேன்" என்று மூணே வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்ன, ஒரு முறை முறைத்திருப்பாள். "பலகையை நீதானேடா எழுதின?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். அதோடு போயிருக்கும். அவர் சொன்னது, "ஆமாக்கா, சூப்பர்!"

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. அக்கா முன்னால் உட்கார்ந்தால் அவர் விரல் கயிற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆபத்துக்கு என்று ஆரம்பித்தது, திருப்பத்துக்கு என்று ஆனது, அப்புறம் சும்மாவே. அவள் குச்சியை எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் இவர் கயிற்றைப் பிடித்து அளவாகத் திரும்ப விடுவார். படகு வெண்ணெய் மாதிரி திரும்பும். துறையில் எல்லோரும் கை தட்டுவார்கள். அக்கா பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வாள். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம்கூட எடுத்தாள். "குச்சியை நல்லா அழுத்தித் தள்ளணும், பயப்படாதீங்க" என்பாள். அவர்கள் அழுத்தித் தள்ளிப் பார்த்தால் படகு எங்கேயோ போகும். அக்காவுக்கு அது ஏன் என்று புரியாது. பக்கத்தில் நிற்கிற தம்பிக்குப் புரியும். மூச்சு விடமாட்டார்.

"எனக்கு எப்படா மிதவை?" என்று மாதம் ஒரு தடவை கேட்பாள். இந்த வாரம் காற்று சரியில்லை என்பார். அடுத்த வாரம் பெல்ட் மாற்றணும் என்பார். அதற்கடுத்த வாரம் பாய் கிழிந்திருக்கும். இரண்டு வருஷம் இப்படியே காதில் பூச்சுற்றினார். காத்திருக்க நேரம் நிறைய இருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

மூன்றாவது வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மூன்று வாரம் படுக்கை. அக்கா சனிக்கிழமையை விடுவாளா? தச்சரைக் கூப்பிட்டு, "நீங்க பின்னாடி உட்காருங்க. உங்களுக்கு வேலையே இருக்காது" என்று சொல்லி ஏறிவிட்டாள். தச்சர் சட்டம் தெரிந்த மனிதர். இருக்கிற ஒரு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

துறையை விட்டு நகர்ந்ததும் அக்கா வழக்கம்போலக் குச்சியை அழுத்தித் தள்ளினாள். படகு வெடுக்கென்று திரும்பியது. பதறிப்போய் மறுபக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் வெடுக்கென்று போனது. இப்படியே குடிகாரன் நடையில் போய், பத்தாவது நிமிஷம் படகு கோரைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டது. துறையில் அன்று நின்ற புதியவர்கள் ஆறு பேர், எல்லோரும் அக்காவிடம் பாடம் கேட்டவர்கள்.

"படகுல ஏதோ கோளாறு" என்றாள் அக்கா. "குச்சி இவ்ளோ லேசா எப்பவும் இருக்காது."

"எப்பவும் இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் தச்சர். விவரம் தெரியாமல் மேலே ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டார். "பின்னாடி யாராவது கயித்தைப் பிடிச்சிருந்தாத்தான் கனமா தெரியும்."

அக்கா கொசுக்கடியில் அரை மணி நேரம், வேறொரு படகு வந்து இழுக்கிற வரைக்கும், குச்சியை லேசாக இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

அன்று மாலை நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுடா. எத்தனை தடவை பிடிச்ச?"

"ஆபத்துன்னு தோணினப்ப மட்டும்தான்கா..."

"சரி, வேற மாதிரி கேக்கறேன். எத்தனை தடவை பிடிக்காம இருந்த? ஒண்ணு சொல்லு. ஒரே ஒரு சனிக்கிழமை சொல்லு, போதும்."

அவர் தேடினார். நிஜமாகவே தேடினார். இரண்டு வருஷத்துச் சனிக்கிழமைகளில் ஒன்றாவது அகப்படாதா என்று தலைக்குள் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சின்ன வயசுலேருந்து என்னை நீ தூக்கியிருக்க" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "படி ஏத்தியிருக்க, பஸ்ல ஏத்தியிருக்க, பாத்ரூம் வாசல் வரைக்கும் கொண்டு விட்டிருக்க. ஒரு நாள் எனக்கு வெக்கமா இருந்ததில்ல. ஏன்னா நீ தூக்கறேன்னு எனக்குத் தெரியும். இப்ப எனக்கே தெரியாம தூக்கிட்டியேடா. நான் ஊர் பூரா போன் போட்டுச் சொன்னேனே."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். முன்னறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு பதினோரு மாதம் அக்கா ஏரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தம்பியோடு பேசாமல் இல்லை. மழை வருது, ஜன்னலைச் சாத்து, கரன்ட் போயிடுச்சு, இந்த மாதிரிப் பேச்சு. இவரோ முன்சீட்டுக்குப் புது மெத்தை தைத்து வாங்கினார். துறைச் சரிவில் கைப்பிடி போட்டார். ஒவ்வொன்றையும் முன்னறை வாசலில் நின்று அறிவித்தார். "அப்படியா" என்பாள் உள்ளேயிருந்து.

பார்த்துப் பார்த்து மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, அண்ணிகிட்ட தப்புன்னு வாயால சொல்லுங்களேன். மெத்தையா கேட்டாங்க உங்ககிட்ட?"

"சொல்லணும்" என்றார். சொல்லவில்லை. ஏன் என்றால், தப்பு என்று சொன்னால் ஏன் செய்தாய் என்று அக்கா கேட்பாள். அதற்குப் பதில் அவரிடம் இருந்தது. அந்தப் பதில்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டாவது மாதம் அக்காவே கிளம்பினாள். "முதல்லேருந்து கத்துக்கப் போறேன். அந்த மிதவையை நான் சுத்தாம விடறதில்ல. பின்னாடி தச்சர் உட்காரட்டும். நீ கரையில கூட நிக்காத, எனக்குக் கை ஓடாது" என்றாள். பிரேக்காரர் சனிக்கிழமை காலைகளில் கொட்டகைக்குள் போய்ப் பாய்களை மடித்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கு வழியாகப் பார்ப்பார். அக்காவின் கை குச்சியை இன்னும் அழுத்தியே தள்ளியது. டிரைவிங் ஸ்கூலில் இதை நூறு பேரிடம் பார்த்தவர் அவர். தெரியாத கைக்குச் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிடலாம். தப்பாகப் பழகிய கையை மாற்றத்தான் உயிர் போகும். அதைப் பழக்கிவிட்டவர் யார்?

ஆனாலும் மூன்றாவது வாரம் கை மாறத் தொடங்கியது. படகு நேராகப் போனது. நான்காவது வாரம் பாய்க் கயிற்றை இழுக்கும்போது அக்கா வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது வாரம் இடது தோளையும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் ஒளிக்கவில்லை. கால்கள் செய்ய வேண்டிய வேலையை ஐம்பது வருஷமாகத் தோள்கள் செய்திருக்கின்றன, தேய்ந்துவிட்டன என்றார். போதாக்குறைக்கு அந்தப் பழைய நோய் வயதான பிறகு திரும்பி வந்து, விட்டுவைத்த தசைகளையும் பலவீனமாக்குகிறது. இழுப்பது, தள்ளுவது எல்லாம் நிறுத்திவிட வேண்டும். போனது திரும்பாது.

"எப்பலேருந்து டாக்டர் இது?" என்று கேட்டார் பிரேக்காரர்.

"ஒரு வருஷமா ஆரம்பிச்சிருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலையில் முன்னறையிலிருந்து குரல் வந்தது. "டேய், ஏரிக்குப் போலாம். தச்சர் வேண்டாம். நீ வா."

துறையில் கப்பியைச் சுற்றி அவளைப் படகில் இறக்கினார். பெல்ட் போட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். காற்று பூப்போல அடித்தது, இதைவிட நல்ல நாள் கிடைக்காது. மிதவை நேர் எதிரே தெரிந்தது. அக்கா குச்சியில் கை வைத்தாள், லேசாகத்தான் தள்ளினாள். படகு சரியாகத் திரும்பியது. கை கற்றுக்கொண்டிருந்தது. பாதி தூரம் அழகாகப் போனார்கள். மிதவையை வளைக்கப் பாயை இழுத்துக் கட்ட வேண்டிய இடம் வந்தது. கயிற்றை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, உடம்பையே பின்னால் சாய்த்துப் பார்த்தாள். தோள் ஒத்துழைக்கவில்லை. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு காற்றுக்கு முகம் கொடுத்து அப்படியே நின்றுவிட்டது.

பிரேக்காரர் அசையவில்லை. கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதில் நூறில் ஒரு பங்கை அன்று செய்திருந்தால்! இனிமேல் வாயைத் திறக்காமல் இருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"தப்பு பண்ணிட்டேன்கா" என்றார். "பெரிய தப்பு."

அக்கா திரும்ப முடியாது. மிதவையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு நீ விட்டிருந்தா நான் முழுகியிருப்பேனாடா?"

"இல்லக்கா."

"எனக்கு ஓட்ட வந்திருக்குமா?"

"வந்துடுச்சுக்கா. ரெண்டாவது மாசமே வந்துடுச்சு. கயித்துலயே எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான்தான் பிடிச்சுப் பிடிச்சுக் கெடுத்துட்டேன்."

பாய் அடித்துக்கொண்டேயிருந்தது.

"தெரிஞ்சுமா?" என்றாள். "ஏன்டா?"

இத்தனை நாள் ஒளித்து வைத்த பதிலை அவர் சொன்னார். சொல்லும்போது ஐம்பத்தொன்பது வயது மனிதரின் குரலாக அது இல்லை.

"நீயே தனியாப் போயிட்டா, அப்புறம் நான் எதுக்குக்கா?"

அக்கா கயிறு சுற்றிச் சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியக்காரா" என்றாள் கடைசியில். "நான் தனியாப் போயிட்டு வரும்போது கரையில நின்னு பாக்கறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டாமா? உன்னை விட்டா யாருடா இருக்கா எனக்கு?"

அவர் முகத்தை மூடிக்கொண்டார். மிதவை இன்னும் நூறு அடி தள்ளி இருந்தது. அக்கா குச்சியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, கயித்தைப் பிடி. கரைக்கு விடு" என்றாள்.